வெள்ளைக்கார மருமகளுக்கு ஆரத்தி, கென்யா மாப்பிள்ளைக்குக் கதவடைப்பா?

கேள்வி: நான் குடியாத்தம் பக்கம். வயது 52. கணவர் விசைத்தறி வைத்துக் கைலி ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், 27 வயது. வேலூரில் படித்துவிட்டு பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளோடு கல்லூரியில் சீனியராகப் படித்த கென்யா நாட்டுப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். பையன் கிறிஸ்தவர், கிக்குயு என்கிற இனமாம், இப்போது நைரோபியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். என் கணவர் மகளிடம் பேச்சையே நிறுத்திவிட்டார். அவர் தம்பி, 'அவன் இந்தத் தெருவுல கால வெச்சா காலை உடைப்பேன்' என்கிறார். என் நாத்தனார் மகனுக்குத்தான் கொடுப்பதாக ரொம்ப நாளாகப் பேச்சு இருந்தது, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? பிறக்கிற குழந்தை எப்படி இருக்கும், ஏதாவது நோய் வருமா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என் அக்கா மகன் அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தபோது இவர்கள் எல்லோரும்தான் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தம்பி வீடியோ காலில் 'சாப்டீங்களா அம்மா' என்று கேட்கும்போது நல்ல பிள்ளை என்றுதான் தோன்றுகிறது, ஆனாலும் அவன் நிறத்தைப் பார்த்ததும் மனசு ஒரு நொடி பின்வாங்குகிறது. நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், மனசு ஒரு நொடி பின்வாங்குகிறது என்று, அங்கிருந்தே தொடங்குகிறேன். வேலூரில் இத்தனை வருஷமாகக் குடும்ப ஆலோசகராக உட்கார்ந்திருக்கிறேன், கல்யாணத்தை எதிர்த்து என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் இதை வாய்விட்டுச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. எல்லோரும் கலாச்சாரம் என்பார்கள், சாப்பாடு ஒத்துவராது என்பார்கள், பாஷை தெரியாதே என்பார்கள், தூரம் என்பார்கள். நீங்கள் நிறம் என்று எழுதிவிட்டீர்கள். அதனால் உங்களோடு நேராகவே பேச முடியும்.

உங்கள் அக்கா மகன் கல்யாணத்தை நீங்களே எடுத்துக்காட்டிவிட்டீர்கள். அந்தப் பெண்ணுக்கும் தமிழ் தெரியாது, அவளும் கடல் கடந்து வந்தவள், அவள் வீட்டுச் சாப்பாடும் நம் சாப்பாடு கிடையாது, அவள் சாதி என்ன குலம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஆரத்தி எடுத்தார்கள், பட்டுப்புடவை கட்டிவிட்டார்கள், மண்டபத்தில் வரிசையில் நின்று போட்டோ எடுத்தார்கள். அப்படியானால் இந்தத் தம்பி விஷயத்தில் பாஷையும் தூரமும் கலாச்சாரமும் திடீரென்று எங்கிருந்து வந்தன? அவர் நிறம் கறுப்பு, அவர் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறார், மறுப்பின் பெரும்பகுதி அதுதான். இதை உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் சத்தமாகச் சொல்லியாக வேண்டும். சொல்லாத வரைக்கும் நீங்கள் பாஷைக்குப் பதில் சொல்லுவீர்கள், அவர்கள் சாப்பாட்டுக்குத் தாவுவார்கள், சாப்பாட்டுக்குப் பதில் சொன்னால் சாமிக்குத் தாவுவார்கள், இது ஓயவே ஓயாது.

இந்த எண்ணம் உங்கள் மனசில் தானாக முளைத்தது இல்லை. பெண் குழந்தை பிறந்தவுடன் 'கலர் எப்படி' என்று கேட்கிற ஊர் நம்முடையது. வரன் பார்க்கும்போது 'மாநிறம்' என்று எழுதினாலே ரெண்டு படி இறங்கிவிட்டதாக நினைக்கிற சொந்தங்கள் நம்முடையவை. 1975ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது, 2020ல்தான் அந்த 'ஃபேர்' என்கிற சொல்லையே டப்பாவிலிருந்து எடுத்தார்கள், இடையில் ரெண்டு தலைமுறை அதைப் பூசிக்கொண்டு வளர்ந்துவிட்டது. அதோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. நம் சாதிக்காரனாகவே இருந்தாலும் கறுப்பாக இருந்தால் ஒரு முகச்சுளிப்பு, வேறு சாதி என்றால் வெட்டுக்குத்து, ஆப்பிரிக்கர் என்றால் ரெண்டும் ஒன்றாகச் சேர்ந்து வருகிறது. 2017 மார்ச்சில் டில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு மாணவன் இறந்துபோனதற்கு, எந்த ஆதாரமும் இல்லாமல் ஆப்பிரிக்க மாணவர்களைக் கும்பலாகத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நம் காட்பாடிப் பக்கம் வாடகைக்கு வீடு கேட்டு அலைகிற ஆப்பிரிக்க மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை வாசலில் போர்டு தொங்கும்போதே 'வீடு போயிடுச்சு' என்று பதில் வந்தது என்று சொல்வார்கள். உங்கள் மகளும் அந்தத் தம்பியும் படிக்கிற காலத்திலேயே இதையெல்லாம் பார்த்துத்தான் வந்திருப்பார்கள்.

'நம்ம மண்ணுல இல்லாத வழக்கம்' என்று வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொன்னால், வேலூர்க் கோட்டையை நினைவுபடுத்துங்கள். கண்டி நாட்டின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வெள்ளைக்காரர்கள் 1815ல் பிடித்து அடுத்த வருஷம் இங்கேதான் கொண்டுவந்து அடைத்தார்கள், 1832ல் இங்கேயே இறந்தார், பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் சமாதி இருக்கிறது. அவர் சிங்களவர்களை ஆண்டவர், ஆனால் பிறப்பால் நாயக்கர். கண்டியின் சிங்கள ராஜாக்களுக்கு மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்கள் பெண் கொடுத்து, 1739ல் அப்படிப் போன ராணியின் தம்பியே அரியணை ஏறிய வழியில் வந்தவர். கடல் தாண்டி, பாஷை தாண்டி, மதம் தாண்டிப் பெண் கொடுத்திருக்கிறார்கள். ராஜாக்கள் செய்தால் சம்பந்தம், தறிக்காரர் மகள் செய்தால் குலத்துக்கு இழுக்கு என்பதை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது உங்கள் கணவருக்கு. 1860லிருந்து 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நெட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழ், தெலுங்கு சனங்களில் நம் வடஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலத்தில், 1949ல், வெள்ளையர் மற்றவர்களைக் கட்டக்கூடாது என்று அந்த நாடு சட்டமே போட்டது. அந்தச் சட்டத்தின் கணக்கில் கறுப்பரும் நாமும் ஒரே பக்கம்தான், தொடக்கூடாத பக்கம். 1985ல்தான் அதை நீக்கினார்கள். அமெரிக்காவிலும் 1967 வரை பதினாறு மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருந்தது. வர்ஜீனியாவில் ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் என்கிற வெள்ளை, கறுப்புத் தம்பதியைக் கைது செய்து, ஊரை விட்டே துரத்திய வழக்கில்தான் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அவற்றை ஒரேயடியாகச் செல்லாது என்றது. கேலப் என்கிற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1958ல் கேட்டபோது இப்படிப்பட்ட கல்யாணம் சரி என்று சொன்ன அமெரிக்கர்கள் 4 சதவீதம், 2021ல் 94 சதவீதம். ஒரே ஆயுளுக்குள் ஒரு நாட்டின் மனசு இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது. உங்கள் கணவருக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது என்றுதான் நம்புகிறேன்.

சரி, உங்கள் மனசு பின்வாங்குவதற்கு வருவோம். அதற்காகக் கூனிக் குறுக வேண்டாம், ஆனால் அதற்கு அடங்கியும் போகாதீர்கள். ஆல்போர்ட் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1954லேயே எழுதியதுதான் எங்கள் தொழிலில் இன்றைக்கும் கைகொடுக்கிறது: ஒரு கூட்டத்தார் மேல் இருக்கிற ஒவ்வாமை வெறுமனே பார்ப்பதால் கரையாது, சமமாக நின்று, சேர்ந்து ஒரு காரியம் செய்யும்போதுதான் கரையும், அதற்கு வீட்டுப் பெரியவர்கள் ஒத்தாசையாக நிற்க வேண்டும். அதனால் வீடியோ காலில் எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்துகொண்டு அந்தத் தம்பியை வேடிக்கை பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். அது பெண் பார்க்கிற படலத்தை விட மோசம். அவர் இந்தியா வரும்போது ரெண்டு நாள் உங்களோடு இருக்கட்டும். சமையலறையில் உங்கள் கூட நிற்கட்டும். கென்யாவில் சோள மாவில் உகாலி என்று கிண்டுவார்கள், கொதிக்கிற தண்ணீரில் மாவைப் போட்டுத் துடுப்பால் விடாமல் கிளறி, உருண்டு வருகிற பதத்தில் இறக்கி, கையால் பிய்த்துக் குழியாக்கிக் கீரையோடோ கறிக்குழம்போடோ சாப்பிடுவார்கள். களி கிண்டிப் பழகிய உங்களுக்கு அந்தத் துடுப்பைக் கையில் வாங்கியதும் புரிந்துவிடும். உங்கள் கணவரோடு தறிக்கூடத்துக்குப் போகட்டும். பாவு அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவது என்று அவர் காட்டட்டும், தறிச் சத்தத்தில் யாரும் யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை, பேசாத மனுஷனுக்கு அதுவே நல்ல இடம். கையைப் பார்த்தால் பின்வாங்குகிறது என்கிற நினைப்பு அந்தக் கை உங்களுக்கு ஒத்தாசை செய்கிறபோது கொஞ்சம் கொஞ்சமாக மறக்கும்.

இப்போது நோய், குழந்தை. வேறு வேறு நிறத்துப் பெற்றோருக்குப் பிறப்பதால் மட்டும் குழந்தைக்கு எந்த நோயும் வராது. மெலனின் என்கிற நிறமி தோலில் கூட இருக்கிறதா குறைவாக இருக்கிறதா என்பதுதான் நிற வித்தியாசம், வெயில் எவ்வளவு அடிக்கிற நாட்டில் முன்னோர்கள் எத்தனை தலைமுறை வாழ்ந்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, அது ரத்தம். மலேரியா அதிகம் இருந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில், கென்யாவில் விக்டோரியா ஏரிப் பக்கமும் கடற்கரைப் பக்கமும், சிக்கிள் செல் என்கிற ரத்தக் குறைபாட்டைத் தாங்கி இருப்பவர்கள் உண்டு. நம் நாட்டில் தலசீமியாவைத் தாங்கி இருப்பவர்கள் உண்டு. தாங்கி இருப்பவருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. ஆனால் அவர் சிக்கிள் செல்லையும் உங்கள் மகள் பீட்டா தலசீமியாவையும் தாங்கி இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீதம் குழந்தைக்கு நோயாக வர வாய்ப்பு இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் இருந்தால் அந்தப் பயம் இல்லை. ஹெச்பிஎல்சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை, வேலூரிலேயே எடுக்கலாம், ரெண்டு பேரும் எடுத்துவிடட்டும். இதை நான் எந்த ஜோடிக்கும் சொல்வேன்.

கேட்கிற சொந்தக்காரர்களிடம் நீங்கள் திருப்பிக் கேட்க ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் நடக்கிற கல்யாணங்களில் கால்வாசிக்கு மேல் இன்றைக்கும் ரத்த சொந்தத்துக்குள்தான். பொதுவாகக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு நூற்றுக்கு 2, 3 என்றால், அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. முறை மாப்பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது குழந்தை எப்படிப் பிறக்குமோ என்று யாராவது ஒருத்தர் கேட்டார்களா? உங்கள் நாத்தனாரைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, கவலை எங்கே உண்மையாக வர வேண்டுமோ அங்கே வராமல் வேறு இடத்தில் வருகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டம் பக்கம் வாருங்கள், இதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பையன் கிறிஸ்தவர், உங்கள் மகள் இந்து. கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், இருவரும் இந்துவாக இருந்தால்தான் இந்துத் திருமணச் சட்டம் செல்லும். யாரும் மதம் மாற வேண்டியதே இல்லை, 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. இருவரில் ஒருவர் குறைந்தது 30 நாளாகக் குடியிருக்கும் மாவட்டத்துத் திருமண அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதை அந்த அலுவலகத்தில் ஒட்டுவார்கள், 30 நாள் காத்திருக்க வேண்டும், பிறகு மூன்று சாட்சிகளோடு பதிவு. நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு உங்கள் கொழுந்தனார் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே வாழ்க்கைத்துணை உயிரோடு இருக்கிறார், வயசு பத்தாது, சம்மதம் கொடுக்கும் மனநிலையில் இல்லை, தடுக்கப்பட்ட உறவுமுறை என்கிற மாதிரி சட்டம் சொல்கிற காரணங்கள்தான் எடுபடும். எனக்குப் பிடிக்கவில்லை என்பது காரணமே ஆகாது. உங்கள் மகள் பெங்களூரில் இருப்பதால் அங்கேயே பதிந்துகொள்ளவும் முடியும், ஆனால் அவள் நிரந்தர முகவரி நம் ஊராக இருந்தால் நோட்டீஸின் நகல் இங்கேயும் வந்து ஒட்டப்படும்.

பையன் பக்கம் கட்டாயம் வாங்க வேண்டிய ஒன்று, அவர் மணமாகாதவர், கல்யாணத்துக்குத் தடை இல்லை என்கிற அந்நாட்டுச் சான்றிதழ். கென்யாவில் வழக்கப்படி நடக்கும் திருமணத்தில் ஒரு ஆண் ஒன்றுக்கு மேல் கட்டிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது, கிறிஸ்தவத் திருமணத்திலும் பதிவுத் திருமணத்திலும் இடமில்லை. அதனால் இந்தக் காகிதத்தை வாங்காமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள். அப்புறம் உங்கள் மகள் கென்யாக்காரரைக் கட்டுவதால் அவள் இந்தியக் குடியுரிமை போய்விடாது. அவர் இங்கே வந்து வாழ்வதானால், கல்யாணம் பதிவாகி ரெண்டு வருஷம் தொடர்ந்து நிலைத்த பிறகு, வெளிநாட்டவர் இங்கே நீண்டகாலம் தங்க உதவுகிற ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கூட்டுக்குடும்பச் சொத்து இருந்தால் நல்ல வக்கீல் ஒருவரைப் பாருங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் வேறு மதத்தவரைக் கட்டினால் கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்ததாகக் கொள்வார்கள். அதனால் பங்கு போய்விடாது, கணக்கு வேறு மாதிரி ஆகும். 'சொத்துல ஒரு பைசா கிடையாது' என்று மிரட்டுகிறவர்களுக்கு இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

காலை உடைப்பேன் என்று சொன்ன கொழுந்தனார் விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் மாநிலத்தில் இப்படிச் 'சும்மா கோவத்துல' சொன்னவர்கள் கடைசியில் என்ன செய்தார்கள் என்று 2016ல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் பக்கத்தில், சாதி தாண்டிக் கட்டிய சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றபோது ஊரே பார்த்தது. வயசு வந்த ரெண்டு பேர் கல்யாணத்தில் குடும்பமோ ஊரோ குறுக்கே நிற்க உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தெளிவாகச் சொல்லி, இப்படிப் புகார் வந்தால் பாதுகாப்புக் கொடுக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்றும் உத்தரவிட்டிருக்கிறது. அவர் சொன்னதைத் தேதியோடு எழுதி வையுங்கள், போனில் வந்ததாக இருந்தால் அழிக்காதீர்கள். மறுபடி சொன்னால் உங்கள் கணவர் வாயாலேயே 'இனிமே இந்தப் பேச்சு என் வீட்டுல கூடாது' என்று சொல்ல வையுங்கள், மகளிடம் பேசாமல் இருந்தாலும் இதை அவர் சொல்லியாக வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் பெண்கள் உதவி எண் 181, அல்லது நேராகப் போலீஸ். குடும்பப் பெயர் கெட்டுவிடும் என்று தயங்காதீர்கள்.

எல்லாம் சொல்லிவிட்டு, உங்கள் கணவர் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஒரே மகள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு நீங்கள் இருவரும் படுத்துவிட்டால் யார் ஓடி வருவது? இந்தப் பயத்துக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை, அமெரிக்க மாப்பிள்ளை என்றாலும் இதே பயம்தான் வர வேண்டும். அந்தத் தம்பியிடம் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான்: எங்கே குடியிருக்கப் போகிறீர்கள், கடன் என்ன இருக்கிறது, உன் அம்மா அப்பாவுக்கு மாசம் என்ன அனுப்புகிறாய், எங்களுக்கு ஒன்று ஆனால் இவள் மூணு மாசம் இங்கே வந்து இருக்க முடியுமா, குழந்தை பிறந்தால் எந்த ஊரில், எந்தப் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்துவார்களா. ராணிப்பேட்டை மாப்பிள்ளையிடம் கேட்பதை எல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள். வெளிநாட்டவர், கறுப்பர் என்பதற்காக எல்லாவற்றையும் சந்தேகப்படுவதும் தப்பு, நம்மைப் பழைய ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்று எதையும் கேட்காமல் விடுவதும் தப்பு. தூரம் என்று பார்த்தால் மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம், ஏறக்குறைய ஆறு மணி நேரம், நேர வித்தியாசம் ரெண்டரை மணி நேரம்தான். உங்கள் அக்கா மகனோடு பேச அக்கா ராத்திரி கண்விழித்து உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பையன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே, அவர்களுக்கும் ஒரு அம்மா இருப்பார், அவரும் இதேபோல உறங்காமல் கிடக்கலாம். கென்யாவில் ஆங்கிலேயர் ரயில் பாதை போட்ட காலத்திலிருந்தே, 1896லிருந்தே, இந்தியர்கள் போய்க் குடியேறியிருக்கிறார்கள், 2017ல் அந்நாட்டு அரசு அவர்களை நாட்டின் 44வது இனக்குழுவாக அங்கீகரித்தது. ஆனால் அங்கே இந்தியர்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து ஒதுங்கி வாழ்ந்தவர்கள் என்கிற மனக்குறை ஆப்பிரிக்கர்களுக்கு உண்டு. இந்தியப் பெண் நம் பிள்ளையை மதிப்பாளா என்று அந்த அம்மா கேட்பது நியாயம்தான். கிக்குயு குடும்பங்களில் ருராசியோ என்று ஒரு சடங்கு இருக்கிறது, பையன் வீட்டுப் பெரியவர்கள் பெண் வீட்டுக்கு வந்து பேசி, முன்பு ஆடுகளும் இப்போது பெரும்பாலும் பணமுமாகக் கொடுத்துப் பெண் கேட்பது. நம் பாட்டி காலத்தில் மாப்பிள்ளை வீடு பரிசம் போட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவருக்கு இது ஒரு வாசல். பெரியவர்கள் முறையாகத் தேடி வந்து தன்னிடம் கேட்கிறார்கள் என்பது நம் ஊர் அப்பாக்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. காசு எதுவும் வாங்க வேண்டாம், ஒரு தாம்பூலத் தட்டு போதும் என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

அவர்கள் வந்தால் ரெண்டு காரியம் மறக்காதீர்கள். கென்யாவிலிருந்து வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் விமான நிலையத்திலேயே நிறுத்திவைப்பார்கள். நீங்கள் அங்கே போவதானால் நீங்களும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டு பத்து நாள் கழித்துத்தான் கிளம்ப வேண்டும். அப்புறம் வெளிநாட்டவர் உங்கள் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிய வேண்டும். இதைச் செய்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் போட்டாலும் நீங்கள் பதற வேண்டியதில்லை.

சொந்தக்காரர்கள் கேள்வி கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களிடம் வந்த ஒரு குடும்பம், ஆரணிப் பக்கம், மகன் மணிப்பூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். மாமனார் ஆறு மாசம் அந்தப் பெண் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் யாரோ 'இன்னா மாமா, சைனாக்காரி எப்படி கீது' என்று சிரிக்க, அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, 'எங்க வீட்டு மருமகப்பா அது, மரியாதையா பேசு' என்றாராம். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை, கடைக்காரர் சொல்லித்தான் வீட்டுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அந்தப் பேச்சு எழவில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவது வீட்டுக்காரர் வாயிலிருந்து முதல் வார்த்தை என்ன வருகிறது என்று பார்த்துத்தான். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு 'என்ன பண்றது, பொண்ணு அடம் புடிக்கறா' என்று சொன்னால் ஊர் உங்கள் மகளை மெல்லும். 'மாப்பிள்ளை கென்யாங்க, நைரோபில கம்ப்யூட்டர் வேலை, நல்ல பிள்ளை' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மேற்கொண்டு விளக்கம் கொடுக்காமல் காபி போடப் போய்விடுங்கள்.

கடைசியாக உங்கள் நாத்தனார். மற்ற யாருக்கும் நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை, அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். இத்தனை வருஷம் பேச்சு இருந்திருக்கிறது, நீங்களும் மறுக்காமல் இருந்திருக்கிறீர்கள், அந்தக் குடும்பமும் அதை நம்பி வேறு இடம் பார்க்காமல் இருந்திருக்கலாம். அடுத்தவர் சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம், போனிலும் சொல்ல வேண்டாம். நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால், பூவும் பழமும் வாங்கிக்கொண்டு நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள், கணவர் வந்தால் சேர்ந்து போங்கள், வரவில்லை என்றால் தனியாகப் போங்கள். எங்க பொண்ணு மனசு வேற இடத்துல இருக்கு, உங்களை இத்தனை நாள் காக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்கங்க அண்ணி என்று சொல்லுங்கள். கோபத்தில் ரெண்டு வார்த்தை பேசுவார், வாங்கிக்கொள்ளுங்கள், அந்தத் தம்பியின் நிறத்தைப் பற்றிப் பேசினால் மட்டும் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். அவர் மகனுக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது, அவர்களும் வேறு பெண் பார்க்கத் தொடங்க வேண்டும், அதனால் ஆடி முடியட்டும், நல்ல நாள் வரட்டும் என்று தள்ளாமல் இந்த வாரமே போய் வாருங்கள்.